இரண்டு எடைக்கற்கள்

என் நஜ்முவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ இருக்கிற இடத்தில் உனக்குக் காற்றும் வெளிச்சமும் தாராளமாக இருக்கட்டும்.

உன் கல்லூரியில் உனக்காக ஒரு மலர் போடுகிறார்களாம். பெரிய பெரிய ஆட்கள் உன் ஆராய்ச்சியைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். வீட்டிலிருந்தும் ஒன்று வேண்டும் என்று உன் மாணவி நித்யா கேட்டாள். நான் எட்டாவதோடு நின்றவள், எனக்கு என்ன எழுத வரும் என்றேன். "மேடம்கிட்ட பேசற மாதிரி எழுதுங்கக்கா, அது போதும்" என்றாள். அதனால் உன்னிடமே பேசிவிடுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. அஸ்தினாபுரத்தில் நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். உன் மச்சான் காலையில் ஆணிக் கடைக்குப் போகிறார், ராத்திரி வருகிறார். உன் டப்பாவுக்கு என்று சப்பாத்தி அதிகமாகத் தேய்க்கிற கை இன்னும் நிற்கவில்லை. அதையும் அவரே சாப்பிடுகிறார். "உன் தங்கச்சி போயும் என்னை விடல, சட்டை பத்தல பாரு" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொள்கிறார். அவர் சொன்னதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சிரிப்பும் வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை.

எதிர் வீட்டு ஆயிஷா மாமிக்கு அதுதான் பெரிய கவலை.

"அழுதுடு ஹாஜிரா. உள்ளயே வச்சிருந்தா நெஞ்ச அடைக்கும்."

"வந்தா அழமாட்டேனா மாமி?"

"கூடப் பொறந்தவ போயிட்டா, கல்லு மாதிரி உக்காந்து பூண்டு உரிக்கிறியே!"

பூண்டு உரிக்க வேண்டியிருந்தது. உரித்தேன். வேறு என்ன செய்ய?

அன்றைக்கு நீ கிளம்பினதும் அப்படித்தான், சாதாரணமாக. குரோம்பேட்டையில் ரயில் ஏறாமல் தாம்பரம் வரைக்கும் பின்னால் போய் ஏறுவாயே, உட்கார இடம் கிடைக்கும் என்று. அங்கே நடைமேடையில் பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். உன் போனிலிருந்து யாரோ ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். நான் அவளிடம், "டப்பா பை கீழ விழாம பாத்துக்கம்மா" என்று சொன்னேனாம். அவளே பிறகு வீட்டுக்கு வந்து சொன்னாள். எனக்கு நினைவில்லை.

உன்னைக் குளிப்பாட்டும்போது நானும் தண்ணீர் ஊற்றினேன். உன் இடது முழங்கை மடிப்பில் அந்தச் சின்னத் தழும்பு. பக்கத்தில் நின்றவர்கள், என்ன இது, ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியா என்று கேட்டார்கள். இல்லை, அவள் வேலை செய்த இடம் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். ஆண்கள் போனார்கள். நாங்கள் வாசலோடு நின்றோம், நம் வீட்டு வழக்கப்படி. உன்னை அடக்கின கபரை நான் பார்த்ததில்லை நஜ்மு. வேப்பமரத்தடி, நல்ல இடம், வெயில் படாது என்று உன் மச்சான் சொன்னார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ மண்ணுக்குள் இருக்கிறாய் என்பது எனக்கு ஒரு ஆள் கொண்டுவந்த செய்தி, அவ்வளவுதான்.

ஆனால் நீ இருக்கிற இன்னொரு இடம் உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஹார்மோன் என்றால் என்ன என்று உன்னிடம் கேட்டேன். "நம்ம கிணத்துல ஒரு சிட்டிகை சர்க்கரையைப் போட்டுக் கலக்கிடுக்கா. அப்புறம் ஒரு டம்ளர் மொண்டு, இதுல எவ்ளோ இனிப்புன்னு கேட்டா? அதச் சொல்றதுதான் என் வேலை" என்றாய்.

"அத அளந்து யாருக்கு என்ன ஆகப்போவுது?"

"அந்தச் சிட்டிகை இல்லன்னா நீ காலைல எந்திரிக்கவே மாட்டே."

ஆரம்பத்தில் கதிர்வீச்சு வைத்து அளந்தாய். ஈயக் கட்டிக்குப் பின்னால் நின்று வேலை செய்கிறாள் என்று அம்மா கடைசிவரை உனக்காக யாசீன் ஓதினாள். பிறகு அந்த முறை மாறி, நிறம் மாறுகிற தட்டு வந்தது. வருகிற மாப்பிள்ளைகளை எல்லாம் நீ திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாய். உன் வேலையும் ஹார்மோனிலிருந்து விஷத்துக்குப் போனது. விஷம் என்றால் குடித்ததும் நுரை தள்ளிச் சாவது என்றுதான் எனக்குத் தெரியும். நீ தேடியது அது இல்லை. ஆளைக் கொல்லாமல், பக்கத்திலேயே இருந்துகொண்டு, வருஷக்கணக்கில் அந்தச் சிட்டிகையைக் குறைக்கிற விஷம்.

அதற்காகத்தான் முடிச்சூருக்குப் போனாய். அடுக்குமாடிகளுக்கு நடுவே மிச்சம் இருக்கிற கீரைத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கிற பெண்களிடம் வருஷா வருஷம் ரத்தம் எடுத்தாய். அதே பெண்கள், அதே கேள்வி: தொண்டைக்குள் இருக்கிற தைராய்டு சுரப்பி போன வருஷம் மாதிரி வேலை செய்கிறதா, இறங்குகிறதா?

இந்த இடத்தில் எடைக்கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிக்கிறவர்களில் என்னைப் போன்றவர்களும் இருப்பார்கள்.

உன் மெஷின் ஒரு தராசு என்பாய். தராசு இன்றைக்குச் சரியாகக் காட்டுகிறதா என்று தெரிய, எடை தெரிந்த ஒரு கல்லைப் போட்டுப் பார்க்க வேண்டும். இன்றைக்கும் அடுத்த வருஷத்துக்கும் அதே கல்லாக இருந்தால்தான் இரண்டு வருஷத்தையும் ஒப்பிட முடியும். உங்கள் வேலையில் அந்தக் கல், ஒரு ஆளின் ரத்தம். நிறைய எடுத்து, தெளிந்த நீரைப் பிரித்து, சின்னச் சின்னக் குழாயில் உறையவைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் மற்றவர்களின் ரத்தத்தோடு அதையும் ஓட்டிப் பார்ப்பீர்கள். ஆரோக்கியமான ஆள் வேண்டும் என்று யோசித்துவிட்டு என்னிடம் வந்தாய். "உன்ன மாதிரி கல்லுக்குண்டு யாருக்கா இருக்கா?"

கொடுத்தேன். அப்புறம் நடந்தது உனக்கே சிரிப்பு. என் ரத்தத்தை வைத்து ஓட்டினால் மெஷின் தப்புத் தப்பாகக் காட்டுகிறது. மெஷின்காரனை வரவழைத்துச் சண்டை போட்டாய். மருந்தை மாற்றினாய். பிள்ளைகளைத் திட்டினாய். வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து, எல்லாமே கெட்டுக் கிடக்கிறது என்று புலம்பினாய். நான் அப்போது சித்திரை வெயிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, வீங்கின முகத்தோடு, எந்நேரமும் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். அப்படியே என்னைப் பார்த்தாய். கையை நெற்றியில் வைத்துக்கொண்டாய்.

"அக்கா. மெஷின் சரியாத்தான் சொல்லுது. உனக்குத்தான் தைராய்டு கம்மியா இருக்கு."

உன் மச்சான் இன்றைக்கும் கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "என் மச்சினிச்சி பெரிய சயின்டிஸ்ட்டு. உலகத்துல எல்லாத்தயும் சந்தேகப்படுவா, அவ அக்காவத் தவிர."

மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாய். ஆரோக்கியமான கல்லுக்கு உன் கையையே குத்திக்கொண்டாய். குறைவான கல் நான், சரியான கல் நீ. குழாய்களின் மேல் அக்காவுக்கு 'அ', தங்கைக்கு 'த' என்று எழுதினாய். உன் ஒடிசா மாணவனுக்குத் தமிழில் தெரிந்த எழுத்து அந்த இரண்டு மட்டும்தானாம்.

நீ போன பிறகு நித்யா வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இந்த வருஷத்து ரத்தத்த மேடம் எடுத்து வச்சிட்டாங்க. ஓட்டல. அதுக்குள்ள... இப்ப நான் ஓட்டணும். 'அ' நிறைய இருக்கு. 'த'வுல ரெண்டே குழாய்தான் பாக்கி."

"அதுக்கு?"

"முன்னாடி ஒண்ணு, கடைசில ஒண்ணுன்னு ஒரு தடவைக்குத்தான் வரும். ஓட்டினா தீர்ந்துடும்க்கா. உங்களக் கேக்காம என்னால தொட முடியல."

நம் சித்தப்பா கபீர் சாச்சா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பதில் அவரிடமிருந்து வந்தது. "இதுல கேக்க என்ன இருக்கு? நகத்தையும் முடியையுமே நாம மண்ணுல போடறவங்க. இது ரத்தம். மையத்தோட, செத்த உடம்போட சேர்ந்தது. கொண்டாந்து குடும்மா, கபருகிட்டயே அடக்கிடறேன். எம்புள்ள பாதி இங்க, பாதி ஐஸ் பொட்டியிலன்னு கெடக்க வேணாம்." உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தாம்பரம் சந்தை எல்லாம் சுற்றினவர். அவரை நான் என்ன சொல்ல?

உன் மச்சான் பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்குப் போன் போட்டார். அவர் நிதானமாக எல்லாம் கேட்டுவிட்டு, "மனசார எடுத்துக் கொடுத்ததுதானே? அது போற வழிக்கு விட்டாலும் குத்தம் இல்ல, அடக்கினாலும் குத்தம் இல்ல. அவங்க அக்கா சொல்லட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார். யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அடக்கவும் வேண்டாம், தீர்க்கவும் வேண்டாம் என்றுதான் இருந்தது. அங்கேயே இருக்கட்டும். கபருக்குத்தான் நான் போக முடியாது. அங்கே போகலாம். ரயில் ஏறிப் போய், கதவைத் திறக்கச் சொல்லி, பார்த்துவிட்டு வரலாம். உன் உடம்பிலிருந்து வந்தது, நீ நன்றாக இருந்த நாளில் எடுத்தது, கெடாமல் அப்படியே இருக்கிறதே. அதை ஏன் விட வேண்டும்?

உன் மச்சானிடம் சொன்னேன். "வச்சிக்கினு என்ன பண்ணுவே? வருஷா வருஷம் ஐஸ் பொட்டி முன்னாடி நின்னு பாத்திஹா ஓதுவியா?" என்றார். ஓதினால் என்ன என்று கேட்டேன். அவர் விளக்கை அணைக்கப் போய்விட்டார்.

நித்யா போன் பண்ணினாள். எடுக்கவில்லை. மறுபடியும் பண்ணினாள். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. சும்மா இருந்தேன்.

அப்புறம் ஒரு காலை தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். கீரைக்காரி செல்வியைத் தெரியுமே உனக்கு, முடிச்சூர் தோட்டத்துச் செல்வி. என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கத்தினாள்.

"இன்னாக்கா, ஆளையே காணோம்! உன் தங்கச்சி எங்க? எங்க கைய எல்லாம் குத்தி ரத்தம் எடுத்துகினு போச்சே, இந்த வாட்டி வந்து ஒண்ணுமே சொல்லலயே?"

அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றால், விலை சொல்கிற மாதிரி. செல்வியின் கை அரைக்கீரைக் கட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"அய்ய... நல்லாத்தானேக்கா இருந்திச்சி. வரப்புல குந்திகினு எங்கூட கூழு குடிச்சிச்சே."

பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள், அவள் அடுத்தவளிடம் சொன்னாள். எனக்கு ஒரு பலகையைப் போட்டு உட்காரவைத்தார்கள். செல்வி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப எங்க ரத்தம்?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா நெனச்சிக்காதக்கா. எனுக்கு இல்ல. என் பொண்ணு முழுவாம கீது. அதுவும் எங்கூட மருந்து அடிச்சிகினு இருந்த பொண்ணுதான். அதுக்கும் எடுத்திச்சி. புள்ளைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது, நானே வந்து சொல்றேன்னு சொல்லிட்டுப் போச்சி. அத்தான் பார்த்துகினே கீறோம்."

நானே வந்து சொல்கிறேன். அது உன் பேச்சுதான். காகிதத்தில் எழுதி அனுப்பினால் அவர்கள் பயந்துவிடுவார்கள் என்று, ஒவ்வொருத்தி பக்கத்திலும் உட்கார்ந்து சொல்லிவிட்டு, சேறு அப்பின செருப்போடு வீட்டுக்குள் வருவாய். எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

நான் உன்னை அந்தப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். வெளியே ஒருத்தி மகளுக்காக வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மார்க்கெட் வாசலிலேயே நின்று நித்யாவுக்குப் போன் போட்டேன். "ஓட்டும்மா. நானும் வரேன், பாக்கணும்" என்றேன்.

தாம்பரத்திலிருந்தே ரயில் ஏறினேன். அந்த நடைமேடையில்தான் நிற்க வேண்டியிருந்தது. பெஞ்சில் யாரோ ஒரு ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரயில் வந்தது. ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது.

ஆய்வகத்தில் உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. என்னையும் உட்காரச் சொல்லவில்லை, நல்லவேளை. நித்யா உறைபெட்டியைத் திறந்தாள். வெள்ளையாகப் புகை தரைக்கு இறங்கியது. ஒரு டப்பாவின் மூடியில் உன் கையெழுத்து. பக்கத்தில் பக்கத்தில் நாம் இரண்டு பேர். என் பக்கம் நிறைய. உன் பக்கம் இரண்டு.

நித்யா ஒரு குழாயை மட்டும் வெளியே எடுத்தாள். இன்னொன்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, ஒண்ணு வேணா உங்களுக்காக விட்டுடறேன். முன்னாடி மட்டும் மேடத்த வச்சி ஓட்டறேன். கடைசில வைக்கல."

"கடைசில வைக்கலன்னா?"

"நடுவுல எங்கயாவது மாறியிருந்தா தெரியாது. பெரும்பாலும் மாறாது."

பெரும்பாலும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு உன்னிடம் வந்து நிற்க முடியுமா? கடைசிக் கல் சரியாக நிற்கவில்லை என்று ஒரு நாள் வேலை மொத்தத்தையும் கொட்டிவிட்டு வந்து, சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் நீ. நான் அந்தக் குழாயையே பார்த்தேன். ஒரு விரல்நுனி அளவுகூட இல்லை, உறைந்துபோய், வெளிர் மஞ்சளாக. எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. செல்வியின் பெண்ணுடைய முகம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் அவள் நினைவு வந்தது.

"வை" என்றேன். "கடைசிலயும் அவளையே வை."

கையில் வைத்து உருக்கட்டுமா என்று கேட்டேன். கூடாதாம், தானாக உருக வேண்டுமாம், மேடம் ரூலாம். சரி என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீ தண்ணீரானாய். கபருக்குப் போய்ப் பார்க்கிற ஜியாரத் எனக்கு அவ்வளவுதான்.

அடுத்த வருஷத்துக்குக் கல்லுக்கு என்ன செய்வாய் என்று நித்யாவைக் கேட்டேன். அவள் ரத்தம்தானாம். உன் கல்லோடு சேர்த்துப் போட்டுத்தான் புதுக் கல்லின் எடையைக் குறிக்க வேண்டுமாம், அதனால் இன்றைக்கே அதையும் வைத்துவிட்டாளாம். ஊசி குத்தும்போது மயங்கி விழுந்ததை ஒடிசாப் பையன் சொல்லிக் கொடுத்துவிட்டான். அவனை முறைத்தாள்.

தட்டில் நிறம் வந்தது. என் இடத்தில் அடர்த்தியான மஞ்சள். உன் இடத்தில் வெளிர் மஞ்சள். குறைவாக இருந்தால்தான் நிறம் அடர்த்தியாக வருமாம். தோட்டத்துப் பெண்கள் நமக்கு நடுவே வரிசையாக இருந்தார்கள், சிலர் உன் பக்கம், சிலர் என் பக்கம். மெஷின் கிறுகிறுவென்று சுற்றி எண்களைக் காட்டியது. நித்யா முதலில் மேல் வரியைப் பார்த்தாள், பிறகு கடைசி வரியைப் பார்த்தாள்.

"மேடம் சரியா இருக்காங்கக்கா. முன்னாடியும் சரி, கடைசிலயும் சரி. இத்தன வருஷமா எங்க நிப்பாங்களோ, அங்கயேதான் நிக்கறாங்க."

சொல்லிவிட்டு மேசையில் தலையை வைத்து அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. நீ போனதற்கு அப்புறம் முதல் தடவையாக, வயிறு காந்துகிற மாதிரிப் பசித்தது. திரும்பி வந்து தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டே இரண்டு சமோசா தின்றேன். தொண்டையில் இறங்கியது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டு குழாயும் இப்போது காலி. அப்படியானால் நீ இப்போது எங்கே இருக்கிறாய்? வேப்பமரத்தடியில் மட்டும்தானா?

சாச்சா என்னோடு பேசுவதில்லை. பெருநாளைக்கு வருவார், பிரியாணிக்காவது. அப்போது சொல்லிக்கொள்கிறேன்.

செல்வியின் மகளுக்குச் சரியாக இருக்கிறது. உன் பக்கம். அதை உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். செல்விக்குத்தான் போன வருஷத்தைவிட இறங்கியிருக்கிறது. டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்று நித்யா சொன்னாள். தோட்டத்தில் இன்னும் சிலருக்கும் அப்படி. எதனால் இறங்கியது, மருந்தாலா வேறு எதனாலா என்பதை இனிமேல்தான் கணக்குப் பார்த்து எழுதுவாளாம். நீ பாதியில் விட்டதை முடிப்பேன் என்கிறாள். முடிப்பாள். உன்னிடம் திட்டு வாங்கின பெண்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் முடிச்சூருக்குப் போகிறோம். எண்களை அவள் சொல்வாள். உன்னைப் போல விவரமாகச் சொல்ல எனக்கு வராது. ஆனால் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் குறைவுதான்டி, எத்தனை வருஷமா மாத்திரை போடறேன், பாரு, நின்னுகினுதானே இருக்கேன்" என்று சொல்ல எனக்கு வரும். அதைச் சொல்ல உங்கள் யாராலும் முடியாது. ஒவ்வொருத்தி பக்கத்திலும் உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஒருத்தியையும் விடமாட்டேன். அடுத்த வருஷமும் போவேன். உறைபெட்டியில் என் பக்கம் இன்னும் நிறைய இருக்கிறது நஜ்மு.

சேற்றுச் செருப்பை வாசலிலேயே கழற்றுவேன்.

உன் அக்கா,
ஹாஜிரா